ஷெங்கன் விசாவில் எல்லை தாண்டிப் போய் வருகிறவர்களுக்கு

ஷெங்கன் என்பது ஒரே விசாவில், பொதுவாக எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அப்படியே பஸ், ரயிலில் நாலு நாடு சுற்ற நினைப்பவர்கள், விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். அதில் 01 என்றிருந்தால், ஷெங்கனுக்குள் இருக்கும் குரோஷியாவிலிருந்து பஸ் பிடித்து, அதற்கு வெளியே இருக்கும் போஸ்னியா போய்விட்டு மறுபடி உள்ளே வர முடியாது, விசாவில் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் சரி. லண்டனுக்கும் இதே கதைதான், அதற்குத் தனி விசா வேறு.

சரி, பலமுறை விசாவே கிடைத்துவிட்டது என்றால்? வெளியே போய் வந்ததும் நாள் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினாலும் 180 நாளில் 90 நாள்தான், நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் அதில் சேர்த்தி. ஸ்டிக்கரில் அதைவிடக் குறைவான நாள் போட்டிருந்தால் அந்த நாள் மட்டும்தான். ருமேனியா, பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைச் சோதனை நீங்கி முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. அங்கே தங்கும் நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.