ஓவனில் பழ பான்கேக்: எங்கே பிசகுகிறது?

செட்டிநாட்டில் மாவு கரைக்கத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கை வந்தவர்களே ஓவனில் சுடுகிற ஜெர்மன் பழ பான்கேக்கில் தடுமாறுகிறார்கள். பழகின கை மாவைக் கெட்டியாகக் கரைத்து, ஆப்ப சோடாவையும் ஒரு சிட்டிகை சேர்த்துவிடுகிறது. இதற்குச் சோடாவும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். பாலிலும் முட்டையிலும் உள்ள ஈரம் சூட்டில் ஆவியாகி மாவைத் தூக்கும். முட்டையும் மைதாவும் வெந்து இறுகி அந்த எழுச்சியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முட்டை இல்லாமல் இது எழும்பாது. கோதுமை மாவு போட்டாலும் உயரம் குறையும்.

மூன்று, நான்கு பேருக்கு 3 முட்டை, 65 கிராம் மைதா, 120 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு போதும். மாவு மோர் பதத்தில் நீர்க்க இருக்கட்டும். முட்டையும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு போகக் கூடாது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, கால் மணி நேரம் வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது சட்டியில்தான். எண்ணெய் காயாமல் பணியாரம் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும். ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வைத்து, வெறும் சட்டியையும் உள்ளேயே வையுங்கள். சின்ன ஓடிஜியில் (மேடைமேல் வைக்கிற சிறிய மின்சார ஓவன்) சூடு ஏறி விளக்கு அணைந்ததும் மாவை ஊற்றிவிடுகிறார்கள். காற்று சூடாகியிருக்கும், கனத்த இரும்பு சூடாகியிருக்காது. இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். கொழுப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கருகும். என் தேர்வு நெய், அது சூட்டைத் தாங்கும். இரண்டு மேசைக்கரண்டி விட்டுச் சுழற்றி, மாவை ஊற்றி, உடனே கதவைச் சாத்துங்கள்.

சட்டி 25 சென்டிமீட்டர் அகலமும், மாவு ஏறிப் பிடிக்க ஓரமும் உள்ள வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. தோசைக்கல் சரிப்படாது. நான்ஸ்டிக்கை வெறுமனே இவ்வளவு சூட்டில் காயவிடாதீர்கள். பரணிலிருக்கும் பழைய எனாமல் சாமானும் வேண்டாம், பூச்சு பெயர்ந்து பலகாரத்தில் விழும்.

அப்புறம் பழம். ஆசைக்கு அள்ளிப் போட்டால் நடுப்பகுதி எழும்பாமல் களியாகக் கிடக்கும். பழத்தின் கனமும் அது விடுகிற சாறும்தான் காரணம். ஆப்பிளை மெல்லிய வில்லைகளாக்கி, நெய்யில் வதக்கி, ஈரம் வற்றிய பிறகு ஒரு கைப்பிடி மட்டும் சட்டியில் பரப்பி, மேலே மாவை ஊற்றுங்கள். வாழைப்பழம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். நன்கு கனிந்தது குழைந்துவிடும். மாம்பழம், அன்னாசி போன்ற சாறுள்ளவற்றைச் சுட்டு எடுத்த பிறகு மேலே போடுவதே முறை. பலாச்சுளையும் அப்படித்தான், பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

வேக 18 முதல் 20 நிமிடம் ஆகும். ஆர்வத்தில் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. சூடு இறங்கினால் பாதியில் அமுங்கும். நன்றாக உயரும் என்பதால் ஓடிஜியில் கீழ்த்தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் மேல் கம்பியில் பட்டுக் கருகும். ஓரம் ஆழ்ந்த பொன்னிறமாகும் வரை விடுங்கள்.

வெளியே எடுத்த ஓரிரு நிமிடத்தில் அது தணியத்தான் செய்யும். பயந்து திரும்ப உள்ளே வைத்தால் வறண்டுபோகும். பந்தி பந்தியாகப் பரிமாறிப் பழகிய பெரிய வீட்டில் இதுதான் சங்கடம். ஐயா குளித்து வரட்டும் என்று இது காத்திருக்காது. எல்லாரும் உட்காருகிற நேரத்தைக் கணக்கிட்டு மாவை ஊற்றுங்கள். எலுமிச்சை பிழிந்து பொடித்த சர்க்கரை தூவலாம், கருப்பட்டிப் பாகும் அருமையாகச் சேரும். அடுத்த பந்திக்கு, சட்டியை மறுபடி பத்து நிமிடம் காயவைத்து, புது நெய் விட்டு ஊற்றுங்கள்.