சின்னத் துப்பாக்கியை நம்புவதற்கு முன்

போன சனிக்கிழமை டாலஸுக்கு வடக்கே நான் வழக்கமாகப் போகும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில், பக்கத்து லேனில் ஒரு தம்பி நின்றிருந்தார். கையில் அன்றுதான் பெட்டி பிரித்த குட்டி 9 எம்.எம். கைத்துப்பாக்கி. நாலாவது தோட்டாவிலேயே நின்றுவிட்டது. ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி, பாதி மூடியிருக்க, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு (கேஸ்) ஒன்று புகைபோக்கி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுட்டார். இரண்டு தோட்டா தாண்டி மறுபடியும் அதே கதை. என் முகத்தைப் பார்த்ததும், "சார் தமிழா? பீஸ் ஃபால்ட்டுன்னு நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றார்.

சில வருஷங்களுக்கு முன் நானும் இதே வாக்கியத்தைத்தான் கடைக்காரரிடம் சொன்னேன். அதற்கப்புறம் இதைப் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். டிரிக்கரில் விரல் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே, காதுக்கு மூடி போடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் முதலில் ஒரு வகுப்புக்குப் போங்கள். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே பலர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று ஆகிவிட்டதால், வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

சிறியது என்றால் சுலபம் என்று நினைப்பது

முழு அளவு கிளாக் 17-க்குக் குழல் நீளம் சுமார் நாலரை அங்குலம். சட்டைக்குள் மறைக்கவென்றே வந்த கிளாக் 43-க்கு சுமார் 3.4. சிக் பி365-க்கு 3.1. சுடும் தோட்டாவோ மூன்றிலும் ஒன்றுதான். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

தோட்டா வெடித்ததும் குழலும் ஸ்லைடும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும். அப்புறம் குழல் சாய்ந்து, இரண்டையும் பிணைத்த பூட்டு விடும். ஸ்லைடு தனியாகப் பின்னால் ஓடி, காலி கேஸை இழுத்து வெளியே தள்ளும். ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் உந்தும்போது மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) மேலே நிற்கும் தோட்டாவை உருவிக்கொண்டு சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) திணிக்கும். சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடின் எடை குறைவு, அது ஓடும் தூரமும் குறைவு. அதே வேகத்தைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாக வேண்டும். ஸ்லைடு போய்த் திரும்பும் அந்தக் கண்ணிமை நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும். பெரிய துப்பாக்கி கொஞ்சம் அழுக்கை, கொஞ்சம் தளர்ந்த பிடியை, கொஞ்சம் சோர்ந்த ஸ்பிரிங்கைப் பொறுத்துக்கொள்ளும். சின்னது பொறுக்காது. ஐந்து அங்குலக் குழலுக்கென்று பிரௌனிங் வடிவமைத்த 1911 மாடலை மூன்று அங்குலத்துக்கு வெட்டிச் சுருக்கியவற்றை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெருமூச்சோடுதான் ஆரம்பிப்பார்கள்.

சுண்டுவிரல் தொங்குவது

அந்தத் தம்பியின் துப்பாக்கியை வாங்கி இரண்டு மேகசின் சுட்டுப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை. அவருடைய மணிக்கட்டுதான் தளர்ந்திருந்தது. ஸ்லைடு முழுத் தூரம் ஓட வேண்டுமானால் அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு பாதி வழியிலேயே களைத்துவிடும். காலி கேஸ் வாசலில் மாட்டிக்கொள்ளும். பல சின்னத் துப்பாக்கிகளில் சுண்டுவிரலுக்கு இடமே இருப்பதில்லை, அது கீழே தொங்கும், பிடியில் பாதி போச்சு.

பிடியைச் சரிசெய்ததும் அவருக்கும் ஓடியது. ஆனால் அதோடு விட்டுவிடவும் கூடாது. இரண்டு கையாலும் சரியாகப் பிடித்தால்தான் ஓடும் என்றால் எனக்கு அது போதாது. ஒரு கையில் குழந்தை இருக்கலாம், கையில் அடிபட்டிருக்கலாம். வலக்கையால் தனியாக ஒரு மேகசின், இடக்கையால் தனியாக ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள்.

சுட்டுப் பார்ப்பது ஒரு தோட்டா, சுமப்பது வேறொரு தோட்டா

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என் மேல்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் தோட்டா பஞ்சமும் வந்தது. கடை அலமாரிகள் காலி. நானோ அப்போதுதான் என் முதல் சின்னத் துப்பாக்கியை வாங்கியிருந்தேன். முன்பே வாங்கி வைத்திருந்த உருண்டை மூக்குத் தோட்டா, ரேஞ்சில் எல்லோரும் பயிற்சிக்குச் சுடும் பால் அம்மோ, ஒரு 150 சுட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. "நம்ம துப்பாக்கி தங்கம்" என்று வீட்டுக்கு வந்தேன்.

தற்காப்புக்குச் சுமப்பது அந்தத் தோட்டா இல்லை, ஹாலோ பாயிண்ட். மூக்கில் குழி இருக்கும், பட்டதும் பூவாக விரியும், அதனால் இலக்கைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்மேல் பாயும் வாய்ப்புக் குறைவு. விலை அதிகம். அந்தப் பஞ்சத்தில் ஒருவழியாகக் கிடைத்த பிராண்டில் பத்துப் பெட்டி, பெட்டிக்கு இருபது, கேட்ட விலையைக் கொடுத்து அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த விலைக்கு அதைக் காகிதத்தில் சுட மனசு வருமா? மேகசினில் ஆறு போட்டுச் சுட்டேன். ஆறும் போயின. சரி, ஓடுகிறது என்று எட்டு மாதம் இடுப்பில் சுமந்தேன்.

ஒரு பயிற்சி வகுப்பில் மாட்டிக்கொண்டேன். ஆரம்பத்திலேயே பயிற்சியாளர், "இப்போது இடுப்பில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து, காலியாகும்வரை சுடுங்கள்" என்றார். முதல் தோட்டா போனது. இரண்டாவது போனது. மூன்றாவதற்கு டிரிக்கரை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்லைடு அரைகுறையாக நிற்க, தோட்டா தலைகுப்புறக் கவிழ்ந்து, சேம்பருக்கு ஏறும் சரிவில் மூக்கை முட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அதை எடுத்துப் பலகைமேல் வைத்தார். குழியின் வாயோரம் பிறை மாதிரி ஒரு நசுங்கல், செம்பு பளபளத்தது. பக்கத்தில் என் பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவை நிறுத்தினார். நசுங்கியது புதியதைவிட ஒரு நகக்கனம் குட்டை.

"தினமும் இறக்கி ஏற்றுவீர்களா?" என்று கேட்டார். ஆமாம், வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் ராத்திரி தோட்டாவை இறக்கிப் பெட்டகத்தில் பூட்டுவேன், காலையில் மறுபடி ஏற்றுவேன். இறக்கிய தோட்டாவை மேகசினில் திணித்து, மேலே நிற்பதை உள்ளே ஏற்றி, இப்படியே நாலைந்து தோட்டாக்கள் மாற்றி மாற்றி அடி வாங்கியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சரிவில் மோதும்போது மூக்கு கேஸுக்குள் ஒரு மயிரிழை இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், துப்பாக்கியே கையில் சிதறலாம். நின்றுபோனது என் அதிர்ஷ்டம் என்றார். அன்றிலிருந்து சேம்பரில் ஒரு முறைக்கு மேல் ஏறிய தோட்டாவைத் தனி டப்பாவில் போடுகிறேன். நீளம் குறையாதவை பயிற்சிக்கு, குறைந்தவை ரேஞ்சின் கழிவு வாளிக்கு.

கதை அதோடு முடியவில்லை. புதுத் தோட்டாக்களையே போட்டு நாற்பது சுட்டோம். மூன்று முறை நின்றது, மூன்றும் மேகசின் நிரம்பியிருந்தபோது. நிரம்பிய மேகசினில் தோட்டாவை ஸ்பிரிங் மேலே இறுக்கி அழுத்துவதால் உருவுவது கடினம். அதோடு அந்தப் பிராண்டின் வாய் அகலம், மூக்கு மொட்டை. என் துப்பாக்கியின் சரிவுக்கு அந்த வடிவம் ஆகவில்லை. அதே எடையில் மூக்கு சற்று உருண்ட வேறொரு பிராண்ட் கடகடவென்று ஓடியது. துப்பாக்கியிலும் குற்றமில்லை, தோட்டாவிலும் குற்றமில்லை, இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. ஆறு மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்தாமல் முதல் வாரமே முழு மேகசின் போட்டுச் சுட்டிருந்தால் இரண்டாவது பெட்டியிலேயே தெரிந்திருக்கும். வேண்டாத தோட்டா ஆறு பெட்டி இன்னும் என் பெட்டகத்தில் தூங்குகிறது.

பணத்தைக்கூட விடுங்கள். எட்டு மாதம் நான் இடுப்பில் சுமந்தது வெறும் இரும்புக் கட்டி. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், "அண்ணா, ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல, நூறு சுட்டா நூறு டாலர் வீணில்லையா?" என்கிறார்கள். ஐந்நூறு டாலருக்குத் துப்பாக்கி வாங்கியவர்கள்! சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் துளைக்க வேண்டும் என்ற எஃப்.பி.ஐ. அளவுகோலை மட்டும் யூடியூபில் பார்த்து மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். குழலுக்குள்ளேயே ஏறாத தோட்டா எத்தனை அங்குலம் துளைக்கும்?

சுமக்கத் தொடங்கும் முன் சுட்டுப் பார்க்க என் கணக்கு இது: பால் அம்மோ 200, சுமக்கப்போகும் அதே பிராண்டில் 100. எப்போதும் மேகசின் நிரப்பி, சேம்பரிலும் ஒன்று வைத்துத் தொடங்க வேண்டும். வேறு ஆட்கள் வேறு எண் சொல்வார்கள். நடுவில் ஒன்று நின்றாலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள்.

மேகசினுக்கு எண் போடாதது

அடியில் பெயிண்ட் பேனாவால் 1, 2, 3 என்று எழுதுங்கள். எந்த மேகசின் மக்கர் பண்ணுகிறது என்று இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

"லேடீஸுக்கு இதுதான் சார்"

கடையில் இந்த வசனம் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நியாயமாக இருக்கும். நிஜத்தில் துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க ஸ்பிரிங் விறைக்கும், ஸ்லைடை இழுப்பதே பெரும்பாடு, உதையும் அதிகம். என் மனைவி என் குட்டித் துப்பாக்கியில் ஒரு மேகசின் சுட்டதும் அதை மேசையில் வைத்துவிட்டு, என் முழு அளவு துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது எனக்குத் திரும்பி வரவேயில்லை. ஸ்லைடு இழுக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டவையும் உண்டு. ஸ்மித் அண்ட் வெசன் 2018-ல் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி அப்படி ஒன்று. அது சற்றுப் பெரிய துப்பாக்கிதான் என்பதைக் கவனியுங்கள்.

வந்த மாதமே வாங்குவது

ரூகர் எல்.சி.பி. என்ற குட்டித் துப்பாக்கி 2008-ல் வந்தது. கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று அதே வருஷம் திரும்பப் பெற்றார்கள். பி365 2018-ல் வந்தபோது முதல் மாதங்களில் டிரிக்கர் ஸ்பிரிங் பற்றியும், தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி உடைவது பற்றியும் புகார்கள் கிளம்பின, பிறகு சரிசெய்தார்கள். இன்று அது ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு வருஷம் பொறுங்கள்.

ஸ்பிரிங் மாற்றி "மென்மையாக்குவது"

வேண்டாம். டிரிக்கர் லேசாகட்டும் என்று ஊசியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், ஊசி அடிக்கும், தோட்டா வெடிக்காது.

பாக்கெட்டில் சாவியோடு போடுவது

டிரிக்கரை மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் பாக்கெட்டில் போடுவது தற்கொலை முயற்சி, அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஹோல்ஸ்டர் இருந்தாலும் தூசி இருக்கிறது. டெக்சஸ் ஆகஸ்ட் வியர்வையில் பேண்ட் பஞ்சு ஊறி, எண்ணெயோடு சேர்ந்து, ஒரு மாதத்தில் மேகசின் வாயில் சாம்பல் நிறக் களிம்பாக நிற்கும். சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை பிரித்துத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு வாங்க நினைப்பது

மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியையும் தடுக்கிறது, தோட்டாவையும் தடுக்கிறது. வக்கீலிடம் கேளுங்கள், நண்பரிடம் வேண்டாம்.

ரேஞ்சில் பார்த்த தம்பி கிரீன் கார்டுக்காரர்தான், கேட்டுக்கொண்டேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி: "அண்ணா, 163-வது தோட்டா மாட்டிக்கிச்சு. மறுபடியும் ஒண்ணுலேர்ந்தா?"

எந்த மேகசின் என்று கேட்டேன்.

"மூணாம் நம்பர். போன வாரம் நின்னதும் அதுலதான்."

அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஒன்றிலிருந்துதான் என்றும் சொன்னேன்.