சதி வழக்குச் செய்தியைச் சிவப்புப் பென்சிலோடு படிப்பது எப்படி

முப்பத்தோரு ஆண்டுகள் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போரை எதிர்க்கும் அறிஞர்மீது சதி வழக்கு என்று எந்த நாட்டுச் செய்தி வந்தாலும் ஒரு நோட்டு, சிவப்புப் பென்சில், ஸ்கேல் மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் உட்காருவேன். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் கொடுப்பது இக்பால் அகமது வழக்கு. விடை தெரிந்த கணக்கில்தானே வழிமுறை பழக முடியும்?

பீகாரில் பிறந்து, பாகிஸ்தானுக்குப் போய், பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, சிகாகோவில் ஆய்வாளராக இருந்தவர். வியட்நாம் போரின் கடும் எதிர்ப்பாளர். அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிங்கரைக் கடத்தவும், வாஷிங்டன் அரசுக் கட்டடங்களுக்கு அடியில் ஓடும் வெப்பக் குழாய்ச் சுரங்கங்களைத் தகர்க்கவும் சதி செய்ததாக 1971 ஜனவரி 12 அன்று அவர்மீதும் மேலும் ஐந்து பேர்மீதும் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் குற்றம் சாட்டினார்கள்.

நோட்டின் முதல் வரியில் இந்தத் தேதியை எழுதாதீர்கள். 1970 நவம்பர் 27 என்று எழுதுங்கள். அன்றுதான் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஹூவர், கூடுதல் நிதி கேட்டு செனட் குழுவின் முன் போன இடத்தில் இந்தச் சதியைப் பற்றிச் சொல்லி, போரை எதிர்த்ததற்காகச் சிறையிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்கள் டேனியல், பிலிப் என்ற பெரிகன் சகோதரர்களின் பெயரையும் சொன்னார். குற்றச்சாட்டு பதிவாக இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. செய்தி முதலில் யார் வாயிலிருந்து, எந்த இடத்தில், என்ன தேவைக்காக வந்தது என்பது தெரியாமல் மேலே படிப்பது வீண்.

அடுத்து, படங்கள். 1971 ஜனவரி 25 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் இருந்தவர்கள் பெரிகன் சகோதரர்கள் இருவரும். அண்ணன் டேனியல்மீது வழக்கே இல்லை. சதியில் உடன் இருந்தவர் என்று பெயர் மட்டும் சேர்த்திருந்தார்கள். வழக்கில் சிக்கிய அகமது அட்டையில் இல்லை. அவர் பெயர் வரும் இடங்களில் அதற்கு முன்னால் என்ன அடைமொழி நிற்கிறது என்று வட்டமிடுங்கள். அறிஞர் என்றா, பாகிஸ்தானியர் என்றா? உடன் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியாருக்கு நாட்டின் பெயர் ஒட்டியிருக்கிறதா?

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது குற்றப்பத்திரிகையை ஒப்பிடுவது. 1971 ஏப்ரல் 30 அன்று அரசு அதை மாற்றி எழுதியது. முதலாவதில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய கடத்தல் சதி; இரண்டாவதில் ஐந்தாண்டுக்கு மேல் போகாத பொதுவான சதி, ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் புகுந்த சம்பவங்களும் சேர்ந்து. கூடவே சிறையிலிருந்த பிலிப் பெரிகனும் கன்னியாஸ்திரீ எலிசபெத் மெக்அலிஸ்டரும் எழுதிக்கொண்ட கடிதங்களை இணைப்பாக வெளியிட்டார்கள். விசாரணைக்கு முன்பே சாட்சியம் பத்திரிகைக்குப் போய்விட்டது! அவற்றைச் சுமந்தவர் பாய்ட் டக்ளஸ் என்ற கைதி, எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவரே. ஒரு செய்தியில் அவர் எத்தனையாவது பத்தியில் வருகிறார் என்று ஓரத்தில் எண் போடுங்கள்.

வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘சதி செய்ததாக’ என்பதில் உள்ள ‘ஆக’ தலைப்புக்குப் போகும்போது உதிர்ந்துவிடும். நானே உதிர்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், வேறொரு வழக்கில், இரண்டு பத்தி அகலத்தில் எழுத்து அடங்கவில்லை என்று ‘குற்றச்சாட்டு’ என்ற சொல்லை வெட்டினேன். தலைமை உதவி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அச்சான தாளை மறுநாள் என் மேசையில் அந்த இடத்தை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஸ்கேல். 1972-இல் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு ஒரு சாட்சியைக்கூட அழைக்காமல் வாதத்தை முடித்துக்கொண்டது. ஜூரி ஏறக்குறைய அறுபது மணி நேரம் பேசியும் சதிக் குற்றச்சாட்டில் ஒத்துப்போகவில்லை. பத்துப் பேர் விடுதலைக்கு, இரண்டு பேர் தண்டனைக்கு. சிறைக்குத் தெரியாமல் கடிதம் கடத்தியதற்காக மட்டும் பிலிப் பெரிகனுக்கும் மெக்அலிஸ்டருக்கும் தண்டனை கிடைத்தது. நீங்கள் படிக்கும் நாளிதழில் ஜனவரி 1971-இன் செய்தியையும் ஏப்ரல் 1972-இன் செய்தியையும் பக்க எண்ணோடு சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

அரசு அகமதுவை மறுபடி விசாரிக்கவில்லை, வழக்கைக் கைவிட்டது. அந்தக் கைவிடல் எந்த நாள், எந்தப் பக்கத்தில் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நான் கொடுக்கும் கடைசிப் பயிற்சி. நூலகத்தில் இரண்டு மாலைகளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.