பேக்கப் டிரைவைக் கழற்றவிடாத மென்பொருளை நீக்குவது எப்படி?

ஹட்டனில் எங்கள் வீட்டு ஹார்ட் டிரைவில், மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தாவுக்குக் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. கூரை ஒழுகும் ஊரில் காகிதத்தை மட்டும் நம்ப முடியாது. அந்த டிரைவ் ஒருநாள் 'பயன்பாட்டில் உள்ளது' என்று இஜெக்ட் ஆக மறுத்தது. பேக்கப்பும் பாதியில் நின்றது. உங்களுக்கும் இப்படி நடந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள்.

முதலில், டிரைவை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். பலர் இதை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட 'கிளீனர்' ஒன்றை இறக்கி இன்னும் சிக்கலாக்குகிறார்கள். விண்டோஸே அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' அழுத்தி, ஈவென்ட் ஐடி கட்டத்தில் 225 என்று எழுதுங்கள். இஜெக்ட்டைத் தடுத்த புரோகிராமின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரும் வரும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்ப்ளோரர் போன்றது என்றால் அதை நீக்க வேண்டாம், திறந்திருக்கும் ஜன்னல்களை மூடினாலே போதும். என் கணினியில் வந்தது, ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு நுழைந்த 'டிரைவர் அப்டேட்டர்'.

பெயர் தெரிந்துவிட்டதா? சரி, ஷிஃப்ட்டை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுங்கள். கணினி முழுதாக நின்றதும் டிரைவைக் கழற்றி வையுங்கள்.

மீண்டும் இயக்கி, செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பெயர் தெரிந்த அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதே நாளில் கூடவே வந்த கூட்டாளிகளும் தெரியும். தேவையில்லாதவை என்று உறுதியானால் அவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பார்த்து, மிச்சம் இருந்தால் டிசேபிள் செய்யுங்கள்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும். நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள், லேப்டாப் என்றால் முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக டிரைவை மாட்டுங்கள். எந்தக் கோப்பையும் திறக்குமுன் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிரின்ட், ஃபோட்டோகாப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் மாட்டிய டிரைவ் என்றால் இதைத் தவறவிடவே கூடாது. பிறகு ஒரு சிறிய ஃபோல்டரை பேக்கப் எடுத்து, இஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். 'இனிப் பாதுகாப்பாகக் கழற்றலாம்' என்று வந்ததும் முழு பேக்கப்பைத் தொடங்கலாம்.