ஸ்கிரிப்ட் பதிவு குழறி ஓடினால் சரிசெய்யும் முறை

லினக்ஸ் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) வருவதைப் பதிந்துவைக்கும் ஸ்கிரிப்ட் (script) கட்டளையால் எடுத்த பதிவை, அதை மீண்டும் ஓட்டிக்காட்டும் ஸ்கிரிப்ட்ரீப்ளே (scriptreplay) கொண்டு ஓட்டும்போது, எழுத்துகள் உடைந்தோ வரிகள் பாதியில் நின்றோ வந்தால், பதிவே வீணாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் கெட்டிருப்பது இரண்டு கோப்புகளுக்கு இடையிலான கணக்குதான்.

திரையில் வந்தவை ஒரு கோப்பிலும், அவை வந்த நேரம் இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. பழைய வடிவ நேரக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் இரண்டே எண்கள்: எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், அதன்பின் எத்தனை பைட் (கணினிச் சேமிப்பின் சிற்றலகு) காட்ட வேண்டும். இங்கே எண்ணப்படுவது எழுத்து அல்ல, பைட் என்பதைத் தமிழில் வேலை செய்பவர்கள் மறக்கவே கூடாது. 'கட்டளை' என்னும் சொல் நம் கண்ணுக்கு 4 எழுத்து. எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டிலோ அது 18 பைட். ஆகவே பதிவுக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து ஒரே ஒரு எழுத்தை நீக்கிச் சேமித்தாலும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நேரம் தவறி வரும்.

முதலில் பதிவின் தலைவரியைப் பாருங்கள். பதிவு தொடங்கிய நாளையும் நேரத்தையும் சொல்லும் அந்த வரியை ஸ்கிரிப்ட்ரீப்ளே எப்போதும் தாண்டிவிட்டே தொடங்கும். அழகுக்காக யாரேனும் அதை நீக்கியிருந்தால், உண்மையான முதல் வரி விழுங்கப்பட்டுக் கணக்கு முழுவதும் நகர்ந்துவிடும். அந்த இடத்தில் ஏதேனும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அதன் நீளம் பொருட்டல்ல.

தலைவரி சரியாக இருந்தும் குழறினால், வரிமுடிவுகளைச் சோதியுங்கள். முனைய வெளியீட்டில் வரிகள் வழக்கமாகக் கேரேஜ் ரிட்டர்ன், லைன்ஃபீட் என்னும் இரண்டு பைட்களால் முடியும். வேறு கணினிக்கு மாற்றும்போது முன்னது உதிர்ந்தால் வரிக்கு ஒரு பைட் குறையும். நேரக் கோப்பின் இரண்டாம் நெடுவரிசையில் உள்ள பைட் எண்களை ஆக் (awk) என்னும் உரைக் கருவி கொண்டு கூட்டி, தலைவரியும் பதிவு முடிந்ததைச் சொல்லும் இறுதிக் குறிப்பும் நீங்கலான பதிவின் பைட் அளவோடு ஒப்பிட்டால் குறை உடனே புலப்படும். மூலப் பிரதி இருந்தால், ஒட்டுப்போடுவதைவிட அதை மீண்டும் படியெடுப்பதே நல்லது.

கணக்கு பொருந்தியும் வரிகள் தாறுமாறாக மடிந்தால், பதிவு செய்தபோது இருந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் முனையத்தை மாற்றுங்கள். அண்மைப் பதிப்புகளில் அந்த அளவு தலைவரியிலேயே இருக்கும். ஓட்டம் இடையில் உறைந்ததுபோல் நின்றால், அது பதிவின்போது நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரமாகவும் இருக்கலாம். ஸ்கிரிப்ட்ரீப்ளேயின் மேக்ஸ்டிலே (--maxdelay) விருப்பத்தில் 2 என்று கொடுத்தால், எந்த இடைவெளியும் 2 நொடியைத் தாண்டாது.