வெயிலில் பால் குறைகிறதா? மாட்டின் குடலையும் கவனியுங்கள்

வெயில் ஏறியதும் பால் இறங்கினால், "தீனி எடுக்கவில்லை, அதனால்தான்" என்று சொல்லி அடர்தீவனத்தைக் கூட்டுவோம். கூட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள், அவசரப்பட்டால் மாட்டின் வயிறு கெட்டுவிடும்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெப்பத்தில் நின்ற மாடுகள் தின்ற அளவையே, குளிர்ச்சியான இடத்தில் நின்ற மாடுகளுக்கும் கொடுத்தார்கள். தீனி குறைந்ததால் வந்த நஷ்டம், மொத்தப் பால் இழப்பில் சுமார் 35 சதவீதம்தான்.

மீதிக்கு ஒரு முக்கியக் காரணம் குடல். சூட்டை வெளியேற்ற உடல் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது, குடலுக்குப் போவது குறைகிறது. ஆக்சிஜன் போதாமல் குடல் சுவரின் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சு இரத்தத்தில் கசிகிறது. அதை எதிர்க்கும் செல்களுக்குக் குளுக்கோஸ் வேண்டும். பாலின் சர்க்கரையான லாக்டோஸும் அதே குளுக்கோஸிலிருந்துதான் வரவேண்டும். அந்த நச்சைக் கறவை மாடுகளுக்குச் செலுத்திய 2017-ஆம் ஆண்டு ஆய்வில், எதிர்ப்பு மண்டலம் 12 மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கும் மேல் குளுக்கோஸைத் தின்றது தெரிந்தது.

படி 1: வெப்ப-ஈரப்பதக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்

வெப்பமானியும் ஈரப்பதமானியும் கொட்டகைக்குள், மாட்டின் உயரத்தில் இருக்கட்டும். செல்சியஸ் அளவை 1.8-ஆல் பெருக்குங்கள். பெருக்கி வந்ததோடு 32 கூட்டினால் முதல் எண், பெருக்கி வந்த அதே எண்ணிலிருந்து 26 கழித்தால் இரண்டாம் எண். ஈரப்பத சதவீதத்தை 0.0055-ஆல் பெருக்கி 0.55-இலிருந்து கழித்தால் மூன்றாம் எண். இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழியுங்கள், அதுதான் குறியீடு.

32 டிகிரி, 60 சதவீதம் என்றால் 82.6 வரும். அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68-ஐத் தாண்டினாலே வெப்ப அயற்சி தொடங்கிவிடும். பழைய கணக்கில் இது 72. விடியற்காலையில் 25 டிகிரி, 90 சதவீதம் இருந்தாலும் 76 வருகிறது பாருங்கள். இரவிலும் மாடு ஆறவில்லை என்று அர்த்தம். பகல் சூட்டை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

படி 2: மூச்சை எண்ணுங்கள்

விலாப்பகுதி ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் மாடு தவிக்கிறது. ஆசனவாய் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியதா என்றும் பாருங்கள்.

படி 3: அசையையும் சாணத்தையும் பாருங்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். படுத்து ஓய்வெடுக்கும் மாடுகளில் குறைந்தது பாதியாவது அசை போட வேண்டும். மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. எச்சிலில் அது குறைகிறது, இருக்கும் எச்சிலும் வாயிலிருந்து ஒழுகி வீணாகிறது. பெருவயிற்றின் (தீனி முதலில் போய்ச் சேரும் பெரிய இரைப்பையின்) புளிப்பைத் தணிக்க ஒன்றுமில்லாமல் போகிறது. இந்த நிலையில் அடர்தீவனத்தைக் கூட்டினால் அமில நோய்தான் வரும்.

சாணம் நுரைத்துத் தளர்ந்திருக்கிறதா, செரிக்காத தானியம் தெரிகிறதா, சளி போன்ற சவ்வு வருகிறதா? சவ்வு வந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள், குடல் பாதிப்பின் அடையாளம் அது.

படி 4: முதலில் உடலைக் குளிரவையுங்கள்

நிழல், தண்ணீர், காற்று. தோல்வரை நனைத்துவிட்டு மின்விசிறியை ஓட்டுங்கள், நனைப்பதும் காற்றும் மாறி மாறி வரட்டும். காற்றில்லாத கொட்டகையில் வெறுமனே நீரைத் தூவினால் ஈரப்பதம்தான் ஏறும். கறவை முடிந்து மாடு திரும்பும் வழியில் நிழலில் தண்ணீர்த் தொட்டி வையுங்கள், கறந்தவுடன்தான் அது நிறையக் குடிக்கும்.

படி 5: பிறகு தீனி

பெரும்பங்கைச் சாயங்காலத்துக்கு மேல் போடுங்கள். நல்ல தரமான நார்த்தீவனத்தைக் குறைக்காதீர்கள். சமையல் சோடா, தீவனத்தின் உலர் எடையில் 0.75 முதல் 1 சதவீதம் வரை கலக்கலாம். வியர்வையில் பொட்டாசியம் போவதால் தாது உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். வெப்பத்தின் பாதிப்பு பாலில் தெரிய ஓரிரு நாள் ஆகும். ஆகவே இன்றைய பாலை இன்றைய வெயிலோடு ஒப்பிடாமல், முந்தாநாள் குறியீட்டோடு ஒப்பிடுங்கள்.