நெஞ்செலும்பு குத்துகிறதா? மெலிந்த கோழியிடம் நாம் செய்யும் தவறுகள்

மழை விட்ட ஒரு சாயங்காலம். பஞ்சாரத்துக்குள் போக மறுத்து முருங்கையடியில் நின்றிருந்த கரிச்சியைத் தூக்கினேன். கையில் இறகுதான் இருந்தது, கோழி இல்லை.

கரிச்சி எங்கள் கொல்லையில் மேயும் பதினோரு நாட்டுக்கோழிகளில் ஒன்று, கருத்த பெட்டை. தினமும் இரண்டு வேளை தீனி போடுகிறவன் நான்தான். அப்படியிருந்தும் அது இளைத்துக்கொண்டு வந்ததை ஒரு மாதமாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேன். கோழியைக் கண்ணால் பார்த்தே எடை போடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். உடம்புக்கு முடியாத கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அப்போது அது வழக்கத்தைவிடக் கொழுகொழுவென்று தெரியும். கூட்டத்தில் தன் பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் கொத்துப்படும் என்பதால், தீனி போடும்போது மற்றவற்றோடு சேர்ந்து ஓடிவரும், மண்ணைக் கொத்துவதுபோலப் பாவனையும் செய்யும். உண்மையில் எதையும் விழுங்கியிருக்காது.

கைதான் சரியான அளவுகோல். இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்துக் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சின் நடுவே நீளவாக்கில் ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். நல்ல உடம்புள்ள கோழிக்கு எலும்பின் விளிம்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். இருபுறமும் சதை திரண்டு சரிந்திருக்கும். கரிச்சிக்கு அந்த எலும்பு அரிவாள்மணை போல நின்றது. இரண்டு பக்கமும் என் கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழி. ஒன்றை மட்டும் தடவிவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். அதே வயதுள்ள இன்னொரு பெட்டையையும் தடவிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். இன்னும் முட்டைக்கு வராத விடலைப் பெட்டைக்கு நெஞ்சுச் சதை இயல்பாகவே குறைவு.

பிறகு எடை. துணிப்பையில் தலை வெளியே இருக்கும்படி கோழியை உட்காரவைத்துத் தொங்கு தராசில் மாட்டினால் அரை நிமிட வேலை. காலையில், தீனி வைக்கும் முன், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கோழியின் கழுத்தடியிலுள்ள தீனிப்பை நிறைந்திருக்கும் மாலையில் நிறுத்துவிட்டு எடை ஏறியதாக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கரிச்சி 1 கிலோ 50 கிராம் இருந்தது. அதனோடு ஒரே அடையில் பொரித்த செவலை 1 கிலோ 400.

இளைத்துவிட்டது என்று தெரிந்த உடனே எல்லோருக்கும் தோன்றுவது அரிசிதான். நானும் குருணையை அள்ளி வைத்தேன். அரிசியில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் வேண்டும். போன நெஞ்சுச் சதை திரும்பி வரப் புரதம் தேவை, வெறும் மாவுச்சத்து போதாது. அதற்காகக் கடையில் வாங்கிய கருவாட்டை இடித்துப் போடுவதும் ஆபத்து: அதிலுள்ள உப்பு கோழிக்கு நஞ்சாகும். கடலைப் புண்ணாக்கு நல்லதுதான், பூஞ்சை பிடிக்காதவரை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்ததற்குக் காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கண்டறியப்பட்டதே அதை ஆராயப்போய்த்தான். மழைக்காலத்தில் மூட்டையின் அடியில் கட்டி பிடித்த புண்ணாக்கை “கோழிதானே” என்று போடுகிறவர்கள் அதன் கல்லீரலைக் கெடுக்கிறார்கள். அப்புறம் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

எனக்குக் கைகொடுத்தது முட்டைக்கோழித் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை வைத்தது. வேகவைத்த முட்டையை உதிர்த்துச் சேர்த்தேன். அதோடு கரையான். பழைய பானையில் கந்தல் சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானைக்குள் விருந்து தயாராக இருக்கும். குஞ்சுகளுக்கென்று பாட்டி காலத்தில் செய்தது, நோஞ்சான் பெட்டைக்கும் பொருந்துகிறது. பல நாள் பட்டினி கிடந்த கோழிக்கு முதல் நாளே வயிறு முட்டப் போடாதீர்கள்.

ஆனால் தீனியில் இறங்குவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மற்ற பத்தும் நன்றாக இருக்கும்போது இது மட்டும் ஏன் இளைத்தது?

இரவில் அடைந்த பிறகு கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டால் பாதி விடை கிடைக்கும். காலியாக இருந்தால் கோழி தின்னவில்லை, அல்லது தின்ன விடப்படவில்லை. கூட்டத்தில் கடைசி இடத்தில் இருக்கும் பெட்டையை மற்றவை தீனித்தட்டை நெருங்க விடாது. ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் இரண்டாவது தட்டு வைத்தாலே இது பெரும்பாலும் தீரும். வாயைத் திறந்து பாருங்கள்: அம்மை சில கோழிகளுக்கு வாய்க்குள்ளேயே படையாகப் படர்ந்து விழுங்க விடாது. மாறாக, இரவில் நிறைந்திருந்த பை விடிந்தும் வடியாமல் கட்டியாகவோ, புளித்த வாடையோடு தொளதொளவென்றோ இருந்தால் அடைப்பு. அதன்மேல் மேலும் தீனி போடுவது வீண் வேலை.

அடைக்கோழி இளைப்பது இயல்பு. 21 நாளும் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எழுந்து தின்னும். அதற்கு மருந்து வேண்டாம், அருகில் தண்ணீரும் தீனியும் இருந்தால் போதும். முட்டையே இல்லாமல் வாரக்கணக்கில் அடையில் கிடப்பதை மட்டும் எழுப்பிவிட வேண்டும்.

நெஞ்சு ஒட்டி வயிறு மட்டும் தொங்கினால் “வயிற்றில் கொழுப்பு” என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், முட்டைக்கரு உள்ளேயே சிந்திச் சீழ் பிடித்திருக்கலாம். இவற்றைத் தீனியால் சரிசெய்ய முடியாது. கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பேனும் செள்ளும் பார்த்தாயிற்றா என்று கேட்டால் எல்லோரும் பகலில் பார்த்தேன் என்பார்கள். ரத்தம் குடிக்கும் சிவப்புப் பூச்சி பகலில் கூண்டின் மூங்கில் சந்துகளில் ஒளிந்துகொண்டு இரவில்தான் கோழிமேல் ஏறும். டார்ச்சோடு ராத்திரி ஒன்பது மணிக்குப் போக வேண்டும்.

கரிச்சியின் விஷயத்தில் காரணம் குடலில் இருந்தது, நான் தப்பாகத்தான் மருந்து கொடுத்தேன். கடையில் கேட்டு வாங்கிய பிப்பரசின் என்ற புழுமருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். பத்து நாளாகியும் எடை அசையவில்லை. ஒரு காலை கூண்டுக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் அதன் எச்சத்தைக் குனிந்து பார்த்தேன். குருணை அரிசிபோல் இரண்டு வெள்ளைத் துணுக்குகள். அரிசிதான் என்று எழப்போனேன்; அதில் ஒன்று மெல்லச் சுருங்கி நீண்டது. நாடாப்புழு. பிப்பரசின் உருண்டைப்புழுவுக்கான மருந்து, நாடாப்புழுவிடம் பலிக்காது. குடற்புழு என்றால் எல்லாம் ஒன்று, மருந்தும் ஒன்று என்று நினைத்தது என் தவறு. எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் வேறு மருந்தை எடைக்குத் தக்க அளவில் கொடுத்தார், எத்தனை நாள் அதன் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் சொன்னார். நாடாப்புழு வண்டு, எறும்பு, ஈ, நத்தை வழியாகத்தான் கோழிக்குள் போகிறது. கொல்லையில் மேயும் கோழிக்கு அது திரும்ப வரும் என்பதை ஏற்றுக்கொண்டு இடைவெளி விட்டுக் கவனிக்க வேண்டும். மிகவும் நலிந்த கோழிக்கு நாமாகவே புழுமருந்து ஊற்றுவதும் கூடாது: உருண்டைப்புழு ஏராளமாக இருந்து எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடலையே அடைத்துவிடும்.

தனியே பிரித்து வைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொற்று சந்தேகம் இருந்தால், அதாவது வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால், கழுத்து திருகினால், மூக்கு ஒழுகினால், முழுக்கத் தள்ளி வையுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனி, அதைக் கடைசியாகக் கவனித்துக் கையைக் கழுவுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்க்கு வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். தொற்று இல்லையென்றால் மற்றவை கண்ணில் படும்படி அங்கேயே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம். மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டுத் திடீரென்று திரும்ப விட்டால் புதுக்கோழி வந்ததுபோல் மற்றவை கொத்தி விரட்டும்.

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். சதையில்லாத கோழி தின்பதில் பெரும்பங்கை இந்தச் சூட்டைக் காப்பதிலேயே செலவழிக்கும். ஈரத்தரையில் வைத்துக்கொண்டு எடை ஏறவில்லையே என்று புலம்பிப் பயனில்லை. காய்ந்த வைக்கோல், காற்றுக்கு மறைவாக ஒரு சாக்கு, குளிர் அதிகமென்றால் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு. சூடு போதுமென்றால் மறுமூலைக்கு நகர இடம் இருக்க வேண்டும்.

வாயைப் பிளந்து கஞ்சியோ எண்ணெயோ ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கோழியின் மூச்சுத்துளை நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. பாசத்தோடு ஊற்றிய கஞ்சி நுரையீரலுக்குள் போய் மறுநாள் செத்த கோழிகள் ஊரில் நிறைய உண்டு. அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவாகவே உறிஞ்சி விழுங்கும்.

கரிச்சி இரண்டு மாதத்தில் 1 கிலோ 320-க்கு வந்தது. அதற்குப் பிறகு இளைத்த இன்னொரு பெட்டை தேறவில்லை. செத்ததைக் கோபத்தில் புதைத்துவிட்டேன். அதுதான் நான் கடைசியாகச் செய்த தவறு. உடலை பிளாஸ்டிக் பையில் கட்டி, உறையவிடாமல் ஐஸ்மீது வைத்து, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லியிருப்பார்கள். மீதிப் பத்துக்கு அது உதவியிருக்கும்.